வுர்லிட்சர் 200ஏ: உறுமலையும் சடசடப்பையும் எங்கே தேடுவது?

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது: அமெரிக்காவிலிருந்து வீட்டுச் சாமான்களோடு கப்பலேறி வந்த வுர்லிட்சர் 200ஏ எலக்ட்ரிக் பியானோ இப்போது சென்னையில் இருக்கிறது. 230 வோல்ட்டை 110 ஆக்கும் ஸ்டெப்-டவுன் பெட்டி வழியாக ஓடுகிறது. சுவிட்சைப் போட்டதும் ‘உம்ம்’ என்று உறுமுகிறது. அவ்வப்போது சடசடவென்று வெடிக்கிறது. சில கட்டைகளை அழுத்தினால் மரத்தைத் தட்டுவது போல ஒரு சத்தம். பார்த்தவர் ஒருவர் கண்டென்சர் (மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) அத்தனையையும் மாற்றச் சொல்லிவிட்டார். மாற்றலாமா?

மாற்ற வேண்டியும் வரலாம். ஆனால் இன்றைக்கு வேண்டாம். நீங்கள் சொல்வது மூன்று வெவ்வேறு சத்தம், மூன்றும் வெவ்வேறு இடத்தில் பிறக்கின்றன. எது எங்கே பிறக்கிறது என்று தெரியாமல் சால்டரிங் அயர்னை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. முதன்முதலாக என் கைக்கு வந்த 200ஏ-வில் எல்லா எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சரையும் மாற்றி முடித்துப் பெருமையாக சுவிட்சைப் போட்டேன். உறுமல் அப்படியே இருந்தது. உள்ளே இருக்கும் உலோக மூடுதகட்டின் எர்த் ஒயர் திருகு தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு நிமிட வேலைக்கு இரண்டு நாள் போயிற்று.

முதலில் கருவி எப்படிப் பாடுகிறது என்று பார்த்துவிடுவோம், மற்றதெல்லாம் அதிலிருந்து புரியும். ஆர்மோனியப் பெட்டியில் ரீடு இருக்கிறது அல்லவா, அதே போன்ற ரீடுதான் இதிலும், ஆனால் எஃகில். அங்கே காற்று அசைக்கிறது, இங்கே சின்ன பியானோச் சுத்தியல் அடிக்கிறது. மொத்தம் 64 கட்டை, 64 ரீடு. ரீடின் நுனியில் ஒரு பொட்டு ஈயம் இருக்கும். சுருதி சேர்ப்பது அந்த ஈயத்தைக் கூட்டிக் குறைத்துத்தான். நுனியைச் சுற்றி ஒரு பள்ளம் வெட்டிய தகடு. ரீடு எர்த்தில் இருக்கும், தகட்டில் சுமார் 150 வோல்ட் டிசி நிற்கும். ரீடு ஆடும்போது இரண்டுக்கும் இடையே உள்ள கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் திறன், மாறுகிறது, அந்த மாற்றம்தான் ஒலி. வேறு மாதிரி சொன்னால், 64 ரீடும் தகடும் சேர்ந்து ஒரு பெரிய கண்டென்சர் மைக். பெஞ்சமின் மீஸ்னர் என்ற அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் சவுண்ட்போர்டு (ஒலியைப் பெருக்கும் மரப்பலகை) இல்லாத பியானோவின் கம்பிகளுக்காக இந்த முறையை முதலில் வகுத்தார். வுர்லிட்சர் கம்பியை எடுத்துவிட்டு ரீடை வைத்தது.

இதன் விளைவு என்ன? ரீடின் அசைவைப் பிடிக்கும் அதே தகடு அறையில் உள்ள மின்புலத்தையும் பிடிக்கும். ட்யூப்லைட், ஃபேன் ரெகுலேட்டர், உங்கள் கை, எதுவானாலும். 1974-ல் 200ஏ வந்தபோது ரீடுகளுக்கு மேலே ஓர் உலோக மூடுதகட்டைச் சேர்த்ததே இதற்காகத்தான்.

சரி, கண்டுபிடிக்கும் வேலை. வால்யூமை முழுக்கக் குறையுங்கள். உறுமல் அப்படியே நின்றால் கோளாறு ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப் பக்கம், அல்லது அதன் பவர் சப்ளை. வால்யூமோடு சேர்ந்து அடங்கினால் அதற்கு முன்னால், அதாவது ரீடு, மூடுதகடு, ரீடுத் தகட்டுக்கான 150 வோல்ட் சப்ளை, சின்ன சிக்னலை முதலில் பெருக்கும் ப்ரீஆம்ப் இவற்றில் ஒன்று. இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும்.

அடுத்தது காது. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், ஏனென்றால் மூடியில் இருக்கும் அந்த இரண்டு நீள்வட்ட ஸ்பீக்கர்கள் 50 ஹெர்ட்ஸை ஒழுங்காகத் தரா. நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். 200ஏ-வின் இடக்கோடிக் கட்டை ஏ (A) சுரம், 55 ஹெர்ட்ஸ். ஆக, நேரடியாக வரும் 50 ஹெர்ட்ஸ் உறுமல் உங்கள் கடைசிக் கட்டைக்கும் கீழே இருக்கும், ஆழமாக, மிருதுவாக. 100 ஹெர்ட்ஸ் உறுமல் என்றால் இடமிருந்து 11-வது கட்டையான ஜி-யை மெல்லத் தட்டி ஒப்பிடுங்கள். ஜி 98 ஹெர்ட்ஸ், அதனால் உறுமல் அதற்கு ஒரு நூலிழை மேலே, அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நிற்கும். யாரும் போடச் சொல்லாத சுருதிப் பெட்டி! தம்புராவோடு பழகிய காதுக்கு இந்த வித்தியாசம் உடனே பிடிபடும்.

50 கேட்டால் பெரும்பாலும் வெளியிலிருந்து ஏறுவது: எர்த் இல்லை, மூடுதகடு இல்லை, அல்லது ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் இருக்கிறது. கொஞ்சம் கரகரப்போடு 100 கேட்டால் பெரும்பாலும் பவர் சப்ளையில் அலையைச் சமன்செய்யும் ஃபில்டர் கண்டென்சர் காய்ந்திருக்கிறது, ஏனென்றால் ஏசியை டிசி ஆக்கும் முழு அலை ரெக்டிஃபயருக்குப் பின்னால் மிஞ்சும் அலை இரண்டு மடங்காகத்தான் வரும். ஒற்றை டையோடு வைத்த அரை அலை சப்ளை இருந்தால் அங்கே மிஞ்சுவதும் 50-தான், அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

50, 100 தவிர மூன்றாவதாக ஓர் இரைச்சலும் உண்டு, ஈ காதருகே பறப்பது போலக் கூராக. அது கேட்டால் பியானோவை விட்டுவிட்டு அறையைப் பாருங்கள். எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரை முழு வேகத்தில் வையுங்கள், பிறகு ஃபேனையே அணையுங்கள். மலிவான எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் சத்தம் கூடினால் அது சதுர அலை இன்வெர்ட்டராக இருக்கும். இப்படிப்பட்ட கருவியை அதில் ஓட்டவே வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் எனக்கு முதல் சந்தேகம் ஸ்டெப்-டவுன் பெட்டி மேல்தான். கடையில் கிடைக்கும் சின்னப் பெட்டிகள் பல ஆட்டோ ட்ரான்ஸ்ஃபார்மர். ஒரே சுற்று, நடுவில் ஒரு டேப்பிங். வெளிப்பக்கம் இரண்டு ஓட்டை மட்டும் இருக்கும், எர்த் இருக்காது. உங்கள் 200ஏ-வின் ஒயரில் மூன்றாவது முள் இருந்தும் அதற்குப் போய்ச் சேர இடமில்லை. மூடுதகடு இருந்தும் பயனில்லாமல் போவது இப்படித்தான். மல்டிமீட்டரை எடுத்து, பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, அதே பிளக்கின் பெரிய முள்ளிலிருந்து (அதுதான் எர்த்) பியானோவின் உள் உலோகச் சட்டம் வரை தொடர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். ஓரிரு ஓமுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் வேறெதையும் தொடுவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள். வீட்டு எர்த்தையும் ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. உப்பும் கரியும் போட்டு என்றோ புதைத்த எர்த் குழி வறண்டு பெயருக்கு இருக்கும் வீடுகள் ஏராளம்.

அந்தப் பெட்டிக்குப் பதில் தனித்தனிச் சுற்றுள்ள ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர், மூன்று முள் வெளிவழியோடு, 300 வாட் தாங்குவது ஒன்று வாங்குங்கள், அல்லது சுற்றித் தரச் சொல்லுங்கள். வெளிவோல்ட்டேஜ் 110 இருக்கட்டும், 120-ஐத் தாண்ட வேண்டாம். காரணம் உண்டு. கருவிக்குள் இருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. அதே வோல்ட்டேஜில் 50 ஹெர்ட்ஸ் கொடுத்தால் இரும்புக் கருவில் காந்தப்பாய்வு ஐந்தில் ஒரு பங்கு கூடும். சூடேறும், இரையும், சுற்றிலும் காந்தப்புலத்தைக் கூடுதலாகக் கசியவிடும். வோல்ட்டேஜைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்தால் அது அடங்குகிறது. பெட்டியைப் பியானோவின் காலடியில் வைக்காமல் இரண்டு மீட்டராவது தள்ளி, சுவரோரம் வையுங்கள். எவ்வளவு குறைகிறது என்று வாசித்துக்கொண்டே நகர்த்திப் பாருங்கள், கேட்கும்.

இனி மூடியைத் திறக்கலாம், ஆனால் ஓர் எச்சரிக்கை. உள்ளே 150 வோல்ட் டிசி இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கண்டென்சரில் கொஞ்ச நேரம் நிற்கும். பத்து நிமிடம் விட்டு, மீட்டரில் அளந்து, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே கை வையுங்கள். மின்வேலை பழக்கமில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

ரீடுகளின் மேல் மூடுதகடு இருக்கிறதா? சுருதி சேர்க்க வந்தவர் கழற்றி வைத்துவிட்டு மறந்து போயிருக்கலாம். இருந்தால் அதன் எர்த் ஒயர், திருகுகள், திருகின் கீழே துரு. ஐம்பது வருடத் துருவும் கடற்காற்றும் சேர்ந்தால் திருகு இறுக்கமாக இருந்தும் தொடர்பு இருக்காது. கழற்றி, மெல்லிய எமரித்தாளால் இரண்டு பக்கமும் தேய்த்து, திரும்ப இறுக்குங்கள். ரீடுகள் பூட்டியிருக்கும் உலோகச் சட்டத்தின் எர்த்துக்கும் இதே கவனிப்பு. மூடுதகடு தொலைந்தே போயிருந்தால் மெல்லிய அலுமினியத் தகட்டில் வெட்டிக்கொள்ளலாம். ஆனால் அது 150 வோல்ட் நிற்கும் தகட்டைத் தொடாதபடி உள்பக்கம் இன்சுலேஷன் ஒட்டி, எர்த் கொடுத்துப் பூட்ட வேண்டும். எர்த் கொடுக்காத தகடு ஆண்டெனாவாகிவிடும்.

இவ்வளவும் செய்து இன்னும் 100 ஹெர்ட்ஸ் கேட்டால், இப்போது கண்டென்சர். எலக்ட்ரோலிட்டிக் வகையின் உள் திரவம் காலப்போக்கில் வற்றிவிடும், ஐம்பது வயதானதை மாற்றுவதில் தவறில்லை. 150 வோல்ட் சப்ளையில் இருப்பவற்றை முதலில் பாருங்கள், ஏனென்றால் அங்கே மிஞ்சும் அலை நேராக ரீடுத் தகட்டில் ஏறி, சிக்னலோடு சிக்னலாகப் பெருகி வரும். பவர் சப்ளை இவ்வளவு நேராக ஒலிக்குள் நுழையும் கருவிகள் குறைவு. 250 வோல்ட் தாங்குவதும், 105 டிகிரி என்று அச்சிட்டதும் போடுங்கள். ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரணப் பொருள்தான். கூட்டல் கழித்தல் முனை மாறிவிடக் கூடாது. பழையதைப் பிடுங்குமுன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஸ்ஸ்’ என்ற காற்றிரைச்சலும் இருந்தால் ப்ரீஆம்பின் முதல் கட்டத்தில் உள்ள பழைய கார்பன் ரெசிஸ்டர்களை மெட்டல் ஃபிலிமாக மாற்றினால் குறையும். முழுக்கப் போகாது.

சடசடப்புக்கு வருவோம். இது 200ஏ போன்ற கருவிகளின் வியாதி. ரீடுக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகக் குறுகியது, அதில் 150 வோல்ட். ஒரு தூசி, ஒரு முடி, சுருதி சேர்த்தவர் அரத்தால் ராவிய ஈயத்தூள், எது விழுந்தாலும் அங்கே சின்ன மின்கசிவு உண்டாகும், அது ஸ்பீக்கரில் வெடியாகக் கேட்கும். குறிப்பிட்ட ஒரு கட்டையை அடிக்கும்போது மட்டும் வெடித்தால் அந்த ரீடின் பள்ளத்தில்தான் குப்பை, அல்லது ரீடு பக்கவாட்டில் நகர்ந்து தகட்டைத் தொடுகிறது. கருவியை அணைத்து, மின்சாரம் வடிந்த பிறகு, மென்மையான பிரஷும் வேக்குவமும் கொண்டு எடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் தூசியைவிடக் கெட்டது. பள்ளத்துக்குள் கனமில்லாத ஒரு தாளை விட்டு இழுக்கலாம். ஈயத்தூள் காந்தத்துக்கு வராது, அதனால் காந்தக் குச்சி வேலைக்காகாது.

யாரும் வாசிக்காதபோதும் தானாகச் சடசடத்தால் ஈரத்தைச் சந்தேகியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கூடுகிறதா என்று கவனியுங்கள். தகட்டைத் தாங்கும் இன்சுலேட்டர் மேல் படிந்த தூசி ஈரத்தை உறிஞ்சும், கடலோர ஊரானால் உப்பும் சேரும், அதன் வழியே கரண்ட் ஊர்ந்து போகும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் இன்சுலேட்டரைத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். மழைக்காலத்தில் வாசிக்க உட்காரும் அரைமணி முன்பே சுவிட்சைப் போட்டு வைத்தால் உள்சூட்டில் ஓரளவு உலரும். வால்யூம் குமிழைத் திருப்பும்போது மட்டும் கொறகொறத்தால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு போதும்.

ஸ்டுடியோவில் மிக்சரோடு இணைத்தால் உறுமல் இரட்டிப்பாகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். பின்பக்க ஆக்சிலரி ஜாக்கில் வருவது பவர் ஆம்பைத் தாண்டி வந்த சிக்னல். எல்லா அழுக்கையும் சேர்த்துக்கொண்டுதான் வரும். ப்ரீஆம்பிலிருந்து தனியாக ஒரு லைன் அவுட் எடுத்தால் நல்ல வித்தியாசம் தெரியும். அதோடு, பியானோவுக்கு ஒரு எர்த், மிக்சருக்கு ஒரு எர்த் என்று இரண்டு வழி இருந்தால் வட்டம் போட்டுக்கொண்டு உறுமும். ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்த டிஐ பெட்டியை (கருவியை மிக்சரோடு இணைக்கும் சின்னப் பெட்டி) நடுவில் போட்டு அதன் கிரவுண்ட்-லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். பிளக்கின் எர்த் முள்ளை வெட்டிவிட்டால் சத்தம் நிற்கும் என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். நிற்கும். ஒரு நாள் உள்ளே ஒயர் கழன்றால் வாசிப்பவரும் நிற்பார். வேண்டாம்.

ஒலி ஓர் அளவுக்குக் கீழே போனதும் அடைத்துவிடும் நாய்ஸ் கேட் போடுவதும் எனக்கு ஒப்பவில்லை. ரீடின் ஒலி தேய்ந்து மறையும் வால் பகுதிதான் இந்தக் கருவியின் அழகு, கேட் அதைக் கத்தரித்துவிடும். பதிவு செய்தபின் 50 ஹெர்ட்ஸில் அந்த ஓர் இடத்தை மட்டும் வெட்டும் குறுகிய நாட்ச் ஃபில்டர் போடலாம், அங்கே உங்கள் கட்டை எதுவும் இல்லை. 100-ல் போட்டால் அந்த 11-வது கட்டை கொஞ்சம் மெலியும்.

மரச்சத்தத்துக்கு மின்சாரத்தோடு உறவில்லை. ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் கட்டையைத் தட்டிக் கேளுங்கள். கட்டையின் ஊசித்துளையில் ஒட்டிய துணி தேய்ந்திருந்தால் பக்கவாட்டில் ஆடி ‘டக்’ என்கும். கீழே உள்ள ஃபெல்ட் இறுகிப் போயிருந்தால் அடியில் இடிக்கும். பூச்சி அரித்த ஃபெல்ட்டும் நம்மூரில் சகஜம். பியானோ சரிசெய்பவருக்கு இது பழகிய வேலை. சில சுரங்களுக்கு மட்டும் ஏதோ கிடுகிடுத்தால் மூடியின் திருகுகளை இறுக்கிப் பாருங்கள், ஸ்பீக்கர்கள் மூடியில் இருப்பதால் அது தானே அதிரும்.

அடுத்து ரோட்ஸ் எலக்ட்ரிக் பியானோ வாங்கும் எண்ணம் இருப்பதாகச் சொன்னதால் ஒன்றிரண்டு வார்த்தை. ஹரால்டு ரோட்ஸ் வடிவமைத்ததில் ஒலியை எடுப்பது கிதாரில் உள்ளது போன்ற காந்தச் சுருள். அதனால் அது அஞ்சுவது மின்புலத்துக்கு அல்ல, காந்தப்புலத்துக்கு. மெல்லிய தகட்டு மூடி அங்கே பெரிதாக உதவாது. ஸ்டேஜ் மாடலை ஆம்ப்ளிஃபயரின் ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி வைத்து, கருவியையே கால் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் உறுமல் சட்டென்று விழும். ஹோனரின் கிளாவினெட் டி6 (கம்பி வைத்த எலக்ட்ரிக் கீபோர்டு) என்றால் அடாப்டரைத் தூக்கி வைத்துவிட்டு 9 வோல்ட் பேட்டரி போடுங்கள், பாதி இரைச்சல் அங்கேயே தீரலாம். அதில் கட்டைக்கு அடியிலுள்ள ரப்பர் முனைகள் வயதாகிப் பிசினாக உருகும், கம்பியில் ஒட்டி ‘பச்’ என்று பிரியும் சத்தத்தை மின்கோளாறு என்று நினைத்துத் தேடியவர்கள் உண்டு.

எவ்வளவு தூரம் சுத்தம் செய்வது என்பதில் என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹேமண்ட் ஆர்கனில் ஒரு கட்டையை அழுத்தினால் ஒன்பது தொடுப்புகள் துளி முன்பின்னாகச் சேரும், அதனால் ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம் வரும். செய்தவர்கள் அதைக் குறை என்று நினைத்தார்கள், ஜாஸ் வாசித்தவர்களோ அதை விரும்பினார்கள். இன்றைய டிஜிட்டல் ஆர்கன்களில் அந்த க்ளிக்கை வேண்டுமென்றே செய்து, கூட்டிக் குறைக்க அமைப்பும் தருகிறார்கள். 200ஏ-விலும் ஒலியை அடக்கும் டேம்பர் ஃபெல்ட் ரீடில் வந்து அமரும் மெல்லிய சத்தமும், அடிக்கட்டைகளில் பலமாக அடித்தால் வரும் கரகரப்பும் அப்படிப்பட்டவை. அவற்றை நான் தொடுவதில்லை. வாசிக்காமல் கையை எடுத்து வைத்திருக்கும்போது கேட்பது மட்டுமே என் வேலைப் பட்டியலில் வரும்.

முதலில் ஸ்டெப்-டவுன் பெட்டியின் வெளிவழியில் எத்தனை ஓட்டை என்று பார்த்து எழுதுங்கள். இரண்டுதான் என்றால், மீதியை அதைச் சரிசெய்த பிறகு பேசிக்கொள்ளலாம்.